புளோக் கீழே இருந்த கல்மேசையை எடுத்துட்டாங்க, அப்பா இப்ப கீழே இறங்குறதே இல்லை

ஏழாம்மாடி
வெள்ளி, இரவு 10.42

வணக்கம். இது கேள்வியா புலம்பலா என்று எனக்கே தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. சிங்கப்பூரில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி புளோக் ஒன்றில், ஏழாவது மாடி மூவறை வீட்டில், தனியாக இருக்கிறார். நான் வேறு குடியிருப்புப் பேட்டையில் இருக்கிறேன், வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பேன். எந்தப் பேட்டை, கல்மேசை இருந்த இடத்தில் வந்திருக்கும் மூத்தோர் நிலையம் எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அவர் புளோக்கின் கீழ்த்தளத்தில், அதாவது வீடுகள் இல்லாமல் தூண்களோடு திறந்துவிட்ட தரைத்தளத்தில், ஒரு கல்மேசை இருந்தது. உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: வட்டமான மேசை, நடுவே கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் பதித்திருக்கும், சுற்றி நான்கு கல் முக்காலி. எங்கள் மேசையில் ஒரு வெள்ளைக் கட்டம் பெயர்ந்துபோய், யாரோ அந்தக் குழியில் சிமெண்டு பூசிவைத்திருந்தார்கள். அதில் யாரும் சதுரங்கம் ஆடி நான் பார்த்ததில்லை. அப்பாவும் பத்தாவது மாடி பாக்சிக்கும் (மலாயில் ‘அங்கிள்’) சோடா மூடியைக் காயாக வைத்து டாம், அதாவது செக்கர்ஸ், ஆடுவார்கள். ஒருத்தருக்கு மூடி நிமிர்ந்திருக்கும், மற்றவருக்குக் கவிழ்ந்திருக்கும். பக்கத்தில் இரண்டு சீன அங்கிள்கள் காலை நீட்டிக்கொண்டு குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பேச்செல்லாம் பசார் மலாய்தான், சந்தையில் எல்லா இனத்தாரும் பேசும் கொச்சை மலாய். அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் 30 வருஷம் வேலை பார்த்தவர், அந்த மலாய் அவருக்குத் தமிழைவிட வேகமாக வரும்.

போன வருஷம் தடுப்புப் போட்டார்கள். சில மாதம் கழித்துத் திறந்தபோது கண்ணாடிச் சுவர், குளிரூட்டி, நான்கு மொழியில் பெயர்ப்பலகை. மூத்தோருக்கான நிலையம். உள்ளே உடற்பயிற்சிக் கருவி, கரவோக்கே, ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின், கோபி (காப்பி) எல்லாம் இருக்கிறது. மேசை இல்லை.

அப்பாவைப் போகச் சொன்னால், “அது கெழவனுங்க போற எடம்” என்கிறார். இப்போது வீட்டிலேயே வசந்தம் டிவி, ஒலி 96.8 வானொலி, தூக்கம். உங்கள் வீட்டுப் பெரியவர்களை எப்படிப் போகவைத்தீர்கள்? இன்னொன்று, கீழ்த்தளத்தில் எது வரணும், எது போகணும் என்று யார்தான் முடிவு செய்கிறார்கள்?

கோபி_ஓ_கோசோங்
வெள்ளி, இரவு 10.58

78 வயசுல “கெழவனுங்க போற எடம்”னு சொல்ற அங்கிளுக்கு என் வணக்கம். அவர் பக்கம்தான் நான்.

பொங்கோல்_தாய்
வெள்ளி, இரவு 11.20

அக்கா, உங்க வருத்தம் புரியுது. ஆனா வேற பக்கமும் இருக்கு. எங்க புளோக் கீழ பிள்ளைப் பராமரிப்பு நிலையம் இருக்கிறதாலதான் நான் வேலைக்குப் போறேன். காலையில 7.10க்கு மகனை விட்டுட்டு 7.25 பஸ்ஸைப் பிடிச்சுடுவேன். அது ரெண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்திருந்தா என் நாள் மொத்தமும் வேற மாதிரி இருந்திருக்கும். அந்த இடத்திலயும் முன்னாடி யாரோ உட்கார்ந்து பேசியிருப்பாங்க. காலியா இருக்குற இடத்தைப் பார்த்து “ஆகா சமூகம்”னு சொல்றவங்க பெரும்பாலும் பிள்ளையைத் தூக்கிட்டு ஓடாதவங்கதான். கோவிச்சுக்காதீங்க.

பழைய_ஆர்சி
சனி, காலை 6.05

தூக்கம் வராத வயசு, அதனால காலையிலேயே எழுதுறேன்.

நான் 80களில் வசிப்போர் குழுவுல இருந்தவன். அப்ப எல்லாரும் ஆர்சின்னுதான் சொல்லுவோம், 1978ல ஆரம்பிச்சது. ஒன்னு சொல்றேன், காலியா இருந்த கீழ்த்தளம்னு ஒன்னு இருந்ததே இல்லை.

1960ல வீவக வந்தப்போ தலைக்கு மேல கூரை போடுறதே பெரும்பாடு. 61ல புக்கிட் ஹோ ஸ்வீ தீயில கிட்டத்தட்ட 16,000 பேர் வீடு இழந்தாங்க. அந்த அவசரத்துல கட்டின புளோக்குகள்ல கீழேயும் வீடுதான், இல்லைன்னா கடை. ஜாலான் கிளினிக்ல 26ஆம் புளோக்குல 1963ல கீழே திறந்து விட்டதைத்தான் முதல் கீழ்த்தளம்னு சொல்லுவாங்க. 70கள்ல அது வழக்கமாச்சு. மழைக்கு ஒதுங்க, காத்தாட, கல்யாணம் பண்ண, பிணம் வைக்க. அவ்வளவுதான் அதோட வேலை.

ஆனா திறந்துவிட்ட உடனே அடைக்க ஆரம்பிச்சாச்சு. ஆர்சிக்கு ஒரு அறை. பாலர் பள்ளி. 1983ல தோ பாயோவுல ஆரம்பிச்சு அக்கம்பக்கப் போலீஸ் நிலையம், அது ஜப்பான் கோபான் (தெருமுனைப் போலீஸ் சாவடி) மாதிரி. அப்புறம் மாமாக் கடை. அந்தக் கடைக்கு “மாமா”ன்னு பேர் வந்ததே நம்ம தமிழ் முஸ்லிம் கடைக்காரங்களாலதான், இன்னிக்கு சீனர் நடத்தினாலும் அது மாமாக் கடைதான். இதெல்லாம் வரும்போதும் யாரோ ஒருத்தர் “என் காத்து போச்சே”ன்னு சொல்லத்தான் செஞ்சாங்க. நான் கேட்டிருக்கேன்.

என் வீட்டுல கீழ்த்தளத் தண்ணிக் குழாயோட சாவி இருந்தது. துக்க வீடுன்னா ராத்திரி ரெண்டு மணிக்கும் கதவைத் தட்டுவாங்க. சாவி கொடுக்கும்போதே யார் போனாங்க, எந்த மாடி, எத்தனை நாற்காலி வேணும் எல்லாம் தெரிஞ்சுடும். விடியுறதுக்குள்ள அந்தப் புளோக் மொத்தத்துக்கும் நான் சொல்லியிருப்பேன். இப்ப நகர மன்றத்துல விண்ணப்பம் போட்டா அனுமதி வரும், மின்சாரம் தண்ணி எல்லாம் சேர்த்து. நல்ல ஏற்பாடு, குறை சொல்லலை. ஆனா சாவி யார்கிட்ட இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

உங்க அப்பாவுக்குப் போனது மேசையா சாவியான்னு யோசிச்சுப் பாருங்கம்மா.

கோபி_ஓ_கோசோங்
சனி, காலை 8.31

இந்த அங்கிள் ஒருத்தர் போதும், இழையை மூடிடலாம்.

வரைபடக்காரன்
சனி, காலை 11.15

மூட வேண்டாம், ஏழாம்மாடியின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் கட்டட வடிவமைப்புத் துறையில் இருக்கிறேன், அரசாங்க வேலையில் இல்லை. தெரிந்தவரை சொல்கிறேன்.

கீழ்த்தளம் வீவகவின் இடம். துடைத்துப் பெருக்கி விளக்குப் போட்டுப் பராமரிப்பது நகர மன்றம். 1988 சட்டத்துக்குப் பிறகு அந்தப் பொறுப்பு அவர்களுடையது. மூத்தோர் நிலையத்துக்கு வழிகாட்டுவதும் நிதி கொடுப்பதும் சுகாதார அமைச்சின் பக்கம். கதவைத் திறந்து கோபி கலக்கிக் கொடுப்பது ஒரு தொண்டு அமைப்பு. பக்கத்து அறையில் குடும்பச் சேவை நிலையம் இருந்தால் அது சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு. அதற்கடுத்த வசிப்போர் குழு அறை மக்கள் கழகம். ஒரே கூரை, ஒரே தரை, ஆறு முதலாளி. உங்கள் கல்மேசைக்கு இதில் யாருமே முதலாளி இல்லை. எந்த அமைச்சின் திட்டத்திலும் “மேசை” என்று ஒரு வரி கிடையாது. அதனால்தான் அது போனதை யாரும் கவனிக்கவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

ஏன் இவ்வளவு அவசரமாக நிலையங்கள் வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2030ல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். முன்பு இருந்த மூத்தோர் நடவடிக்கை நிலையங்கள் பெரும்பாலும் வாடகை வீட்டு புளோக்குகளுக்கானவை. 2021க்குப் பிறகுதான் துடிப்பாக மூப்படையும் நிலையம் என்ற பெயரில், சொந்த வீடோ வாடகை வீடோ, அந்த வட்டாரத்தில் 60 வயதோ அதற்கு மேலோ உள்ள யாரும் வரலாம் என்று மாற்றினார்கள். 2025க்குள் 220 நிலையங்கள் என்பது இலக்காக இருந்தது. 220 நிலையத்துக்கு இடம் எங்கே? புதிய நிலம் எடுத்தால் வருஷங்கள் ஆகும். கீழ்த்தளத்துக்கு ஏற்கெனவே கூரை இருக்கிறது.

எதிர்ப்பே இல்லாமல் நடந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2012 நினைவிருக்கிறதா? உட்லண்ட்ஸ் ஸ்திரீட் 83ல் புளோக் கீழே முதியோர் பராமரிப்பு நிலையம் வேண்டாம் என்று மனுப் போட்டார்கள். தோ யீயில் மூத்தோர் ஸ்டூடியோ வீடுகளுக்கு எதிர்ப்பு. பீஷானில் தாதிமை இல்லத்துக்கு எதிர்ப்பு. எல்லாம் ஒரே வருஷம். அன்று பெரிய விவாதம், “வீட்டு விலை குறையும்” என்று வாய்விட்டே சொன்னார்கள். எதிர்த்தவர்களில் எத்தனை பேர் இன்று அதே வகை நிலையத்தில் காலை உடற்பயிற்சிக்கு நிற்கிறார்களோ.

வாடகைவீட்டுப்_பிள்ளை
சனி, மதியம் 1.47

எல்லாரும் கல்மேசைக்குக் கவிதை பாடுறீங்க. என் பங்குக்கு நானும்.

நான் வளர்ந்தது ஓரறை வாடகை வீடு. எங்க புளோக்குலயும் கல்மேசை இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அங்க உட்கார்ந்தவங்க டாம் ஆடலை, குடிச்சாங்க. எங்க அக்கா மின்தூக்கிக்குப் போகணும்னா அந்த மேசையைத் தாண்டித்தான் போகணும், அதனால புளோக்கைச் சுத்திப் பின்பக்கப் படியில ஏறுவா. அஞ்சு மாடி. உங்க எல்லாரோட நினைவுலயும் கீழ்த்தளத்துல ஆம்பளைங்கதான் உட்கார்ந்திருக்காங்க, கவனிச்சீங்களா?

என்னைப் படிக்க வெச்சது பக்கத்துப் புளோக் கீழ இருந்த ஒரு குடும்பச் சேவை நிலையம். அங்க பின்னறையில நாலு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, ராத்திரி ஒன்பது வரை விளக்கு. வீட்டுல ஆறு பேர், ஒரே அறை, டிவி ஓடிட்டே இருக்கும். ஓ நிலைத் தேர்வுக்கு நான் படிச்சது முழுக்க அங்கதான். பிஸ்கட் டின் ஒன்னு இருக்கும், ஆளுக்கு ரெண்டுன்னு எழுதி ஒட்டியிருக்கும். நான் மூணு எடுப்பேன். அந்த மிஸ்ஸுக்குத் தெரியும், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அதனால கதவும் பலகையும் இருக்குற நிலையம் எனக்குப் பெரிசு. காலி இடம் யாருக்குப் பாதுகாப்பா இருக்கோ அவங்களுக்குத்தான் அது பொது இடம்.

ஆனா ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும். எங்கம்மா உதவித்தொகை கேட்கப் போனது எங்க பேட்டை சமூகச் சேவை அலுவலகத்துக்கு இல்லை. பஸ் ஏறித் தூரத்துல இருக்கிறதுக்குப் போய், “உங்க முகவரிக்கு அந்த அலுவலகம்தான்”னு திருப்பி அனுப்பினாங்க. ஏன் போனீங்கன்னு கேட்டேன். “நம்ம பேட்டை அலுவலகம், பக்கத்து வீட்டு அம்மா கீரை வாங்க வர்ற வழி”ன்னாங்க. 2013லேருந்து சமூகச் சேவை அலுவலகங்களைக் குடியிருப்புக்குள்ளேயே கொண்டுவந்தாங்க, 24 திறந்தாங்க. நல்லதுக்குத்தான். ஆனா பக்கத்துலயே இருக்கறது எல்லாருக்கும் வசதி இல்லை. சில பேருக்கு அதுதான் கஷ்டம்.

ஏழாம்மாடி
சனி, மதியம் 2.30

பின்பக்கப் படி. இதை நான் யோசித்ததே இல்லை. அம்மா இருந்தவரை ஒருநாளும் அந்த மேசையில் உட்கார்ந்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. சந்தைக்குப் போய்விட்டு வரும்போது அப்பாவைப் பார்த்து “சாப்பிட வாங்க” என்று தூரத்திலிருந்தே சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்.

ஞாயிறு_தேக்கா
சனி, இரவு 9.12

நான் இங்க வீடு உள்ளவன் இல்ல, வேலை அனுமதியில வந்தவன், புதுக்கோட்டைப் பக்கம். ஒர்க்கர் தங்குவிடுதி. ஞாயித்துக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) வந்து, மழை பேஞ்சா ஏதாவது புளோக் கீழ ஒதுங்கி ஊருக்கு வீடியோ கால் போடுவேன். பொண்ணு அப்பத்தான் பேசும். ஒரு தடவை ஒரு பெரியம்மா வந்து எந்திரிக்கச் சொன்னாங்க, தப்பா பேசல, கையக் காட்டினாங்க. அவங்க வீட்டு வாசல்தானே, நியாயம். ஆனா உங்க ஊர்ல காசு குடுக்காம, கார்டு காட்டாம உக்காரலாம்னு இருக்குறது அந்த எடம் ஒன்னுதான். அத மட்டும் சொல்லிக்கிறேன்.

கோபி_ஓ_கோசோங்
சனி, இரவு 9.40

தம்பி, அடுத்த ஞாயிறு மழை பெய்தால் எங்க புளோக்குக்கு வாங்க. நான் கோபி வாங்கித் தர்றேன். கிண்டல் இல்லை, தனிச்செய்தி அனுப்புங்க.

மாலைநேரத்_தொண்டர்
ஞாயிறு, காலை 9.50

ஆறு வருஷமாக ஒரு மூத்தோர் நிலையத்தில் தொண்டு செய்கிறேன். மாலை வேளையில் வீடுவீடாகப் போய்த் தனியாக இருப்பவர்களோடு பேசிவிட்டு வருவேன்.

நிலையம் என்றால் கரவோக்கே என்று நினைக்கிறோம். கண்ணில் படாத வேலை வேறு. எங்கள் வட்டாரத்தில் வாடகை புளோக் ஒன்று இருக்கிறது. வீட்டில் குளியலறையிலும் கட்டில் பக்கத்திலும் அவசர மணிக்கான கயிறு தொங்கும். இழுத்தால் கீழே நிலையத்தில் அடிக்கும். பாதி நேரம் துணி காயப்போட்டதில் சிக்கி அடிக்கும். ஒருத்தர் அந்தக் கயிற்றை மேலே சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவைத்திருந்தார், “தொந்தரவு வேண்டாமே” என்று. தரையில் விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டத்தான் அது தரை வரை தொங்குகிறது என்று சொல்லி அவிழ்த்துவிட்டோம். அடுத்த வாரம் போனால் மறுபடி சுருட்டியிருந்தது. மூன்றாவது தடவை நான் அவிழ்க்கவில்லை. சும்மா உட்கார்ந்து அவர் மனைவியைப் பற்றிப் பேசவிட்டேன். அதற்கடுத்த முறை கயிறு தரை வரை தொங்கியது. ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏழாம்மாடி அக்கா, உங்கள் அப்பா சொந்த வீட்டுக்காரர், அந்தக் கயிறு அவர் வீட்டில் இருக்காது. அவர் இரண்டு நாள் மேசைக்கு வரவில்லையென்றால் யார் மேலே போய்க் கதவைத் தட்டுவார்?

ஏழாம்மாடி
ஞாயிறு, காலை 10.15

பாக்சிக். ஒருமுறை அப்பாவுக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

மாலைநேரத்_தொண்டர்
ஞாயிறு, காலை 10.40

அப்படியென்றால் அந்த மேசை வெறும் மேசை இல்லை, அலாரம். இப்போது நிலையம் செய்யப் பார்ப்பதும் அதே வேலைதான், சம்பளத்துக்கும் பட்டியல் வைத்தும். நண்பர் தட்டுவதும் நான் தட்டுவதும் ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நண்பருக்கும் வயதாகிறது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்கள் நிலையத்துக்கு வராததற்குப் பெருமை மட்டும் காரணம் இல்லை. 1989ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஓர் இனம் ஓர் இடத்தில் குவியாமல் இருக்க ஒவ்வொரு புளோக்குக்கும் வரம்பு. இந்தியரும் மற்றவரும் சேர்ந்து ஒரு புளோக்கில் 15 விழுக்காடு, வட்டாரத்தில் 12 என்று 2010ல் உயர்த்தினார்கள். கொள்கை நல்லதா கெட்டதா என்பது வேறு இழை. கணக்கை மட்டும் பாருங்கள். 100 வீட்டில் அதிகபட்சம் 15. அதில் தமிழ் வீடு எத்தனை, அதில் 60 தாண்டியவர் எத்தனை, அதில் தனியாக இருப்பவர் எத்தனை? எங்கள் நிலையத்தில் தினமும் வருகிறவர்களில் தமிழ் பேசுபவர்கள் இருவர். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, ஏதோ தீபாவளி விருந்தில் தகராறு. கரவோக்கே என்றால் மாண்டரின், ஹொக்கியன். பயிற்சி ஆசிரியர் எண்ணுவது “யீ, அர், சான்”. உள்ளே வந்த அன்றே நம்மவர் மூலையில் உட்கார்ந்துவிடுவார்.

மேசையில் உங்கள் அப்பாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பசார் மலாய் நால்வருக்குமே சொந்த மொழி இல்லை, அதனால் நால்வருக்கும் பொது. அந்த மொழி தெரிந்த தலைமுறை இதோடு முடிகிறது.

பழைய_ஆர்சி
ஞாயிறு, காலை 11.02

இது உண்மை. என் பேரன் பக்கத்து வீட்டு மலாய்ப் பையன்கிட்ட இங்கிலீஷ்ல பேசுறான். நல்லாத்தான் பேசுறாங்க. பாட்டிங்க ரெண்டு பேரும்தான் சிரிச்சுட்டே நிக்குறாங்க.

வரைபடக்காரன்
ஞாயிறு, மதியம் 12.20

ஒரு நல்ல உதாரணமும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இழை முழுக்க இரங்கல் கூட்டமாகிவிடும்.

அட்மிரல்ட்டி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்போங் அட்மிரல்ட்டி. 2018ல் உலகக் கட்டடக்கலை விழாவில் அந்த ஆண்டின் சிறந்த கட்டடம் என்று விருது வாங்கியது. 11 மாடி. மூத்தோருக்கு 104 ஸ்டூடியோ வீடுகள், கீழே திறந்த சதுக்கம், அதற்கு மேல் உணவங்காடி நிலையம், அதற்கு மேல் மருத்துவ நிலையம், உச்சியில் படிப்படியாகத் தோட்டம். பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தையும் மூத்தோர் நிலையத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். விருதுக் கட்டடம் என்பதற்காகச் சொல்லவில்லை. அங்கே ஒரு மத்தியானம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள். மருத்துவரைப் பார்க்க வந்தவர், மருந்து வாங்கியவர், பேரனைக் கூட்டிப்போக வந்தவர், வேலையே இல்லாமல் வந்தவர், எல்லாரும் கீழே அந்தச் சதுக்கத்தில்தான். யார் எதற்கு வந்தார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. வாடகைவீட்டுப்_பிள்ளையின் அம்மாவுக்கு வேண்டியிருந்தது அதுதான். கீரை வாங்கப் போகிறவரும் உதவி கேட்கப் போகிறவரும் ஒரே வாசலில் நுழைந்தால் யாருக்கு என்ன தெரியும்?

புக்கிட் பாத்தோக்கில் 2021ல் விற்பனைக்கு வந்த சமூகப் பராமரிப்பு வீடுகள் வேறு வகை. 169 வீடு, 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு, வீட்டோடு சேர்த்துப் பராமரிப்புச் சேவையும் கட்டாயம் எடுக்க வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது ஒவ்வொரு மாடியிலும் வைத்திருக்கும் பொது உட்காருமிடம். கீழ்த்தளத்தை வெட்டி மாடிக்கு ஒன்றாக வைத்த மாதிரி.

ஆனால் இவை எல்லாம் புதிதாகக் கட்டுவது. 70களில் கட்டிய புளோக்கில் அப்படி அடுக்க முடியாது. இருக்கிற தூண்களுக்கு நடுவேதான் கண்ணாடி வைக்க முடியும்.

கண்ணாடி ஏன், கதவு ஏன் என்று கேட்டால், குளிரூட்டி. அவ்வளவுதான் பதில். குளிரூட்டி வேண்டும் என்று முடிவான உடனே சுவர் வந்துவிடுகிறது, சுவர் வந்தால் கதவு, கதவு வந்தால் பதிவு.

பொங்கோல்_தாய்
ஞாயிறு, மதியம் 1.05

பந்து விளையாட வேண்டாம்னு இரும்புக் கம்பி போட்டாங்களே, குவீன்ஸ்டவுன் மெய் லிங் ஸ்திரீட்டுல, 2016. சனங்க சத்தம் போட்டதும் எடுத்துட்டாங்க. சொன்னா கேக்குறாங்க, யாரும் சொல்றதில்லைன்னுதான் எனக்குத் தோணுது. மேசைக்காக யாராவது மின்னஞ்சல் போட்டீங்களா?

ஏழாம்மாடி
ஞாயிறு, இரவு 8.47

போடவில்லை. தடுப்புப் போட்டபோது அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நான் மின்தூக்கிக்குக் காத்திருந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக என் பங்கும் இருக்கிறது.

இன்று அப்பாவைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். “சும்மா எட்டிப் பார்த்துட்டு வருவோம்ப்பா” என்று. கதவைத் திறந்ததும் ஒரு சின்னப் பெண், ரொம்பப் பணிவாக, “ஹலோ அங்கிள், முதல் தடவையா? ஐசி இருக்கா?” என்று அடையாள அட்டையைக் கேட்டாள். அப்பா பர்ஸை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்திவிட்டார். மின்தூக்கியில் மேலே போகும்போது, “வெளையாட வந்தவன்கிட்ட எதுக்கு ஐசி? என்ன, போலீஸ் ஸ்டேஷனா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

மாலைநேரத்_தொண்டர்
ஞாயிறு, இரவு 9.20

அந்தப் பெண்ணைக் கோபிக்காதீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று நாங்கள் கணக்குக் காட்ட வேண்டும். விழுந்துவிட்டால் யாருக்குச் சொல்வது என்றும் தெரிய வேண்டும். ஆனால் முதல் நாளே கேட்கக்கூடாது என்று எங்கள் நிலையத்தில் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. முதல் நாள் கோபி, இரண்டாம் நாள் பெயர், மூன்றாம் நாள் ஐசி.

ஒன்று செய்யுங்கள். நிலையத்து மேலாளரைப் பாருங்கள். கதவுக்கு வெளியே, தூண் பக்கத்தில், மாலை நேரம் ஒரு மடக்கு மேசையும் நாலு நாற்காலியும் போட முடியுமா என்று கேளுங்கள். வழியை மறிக்காமல் இருந்தால் அனுமதி வாங்கிப் பார்ப்பார்கள். உள்ளே வராத ஆண்களை இழுக்க நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். எட்டுப் பேர் வெளியே, அதில் மூன்று பேர் இன்று வரை உள்ளே வந்ததில்லை. கழிவறைக்கு மட்டும் வருவார்கள். அதையும் வருகையில் சேர்க்கலாமா என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

கோபி_ஓ_கோசோங்
ஞாயிறு, இரவு 9.26

சேர்க்கணும். கண்டிப்பா சேர்க்கணும்.

ஏழாம்மாடி
வியாழன், இரவு 10.10

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேலாளரைப் பார்த்தேன். நல்ல மனிதர். மடக்கு மேசைக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார், எழுதிக்கொண்டார். அப்பாவிடம் வந்து சொன்னேன், “மேசை வரப்போகுதுப்பா, பாக்சிக்கைக் கூப்பிட்டுக்குங்க.”

அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே, “அவன் எங்க இருக்கான், மக வீட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு” என்றார்.

ஒன்றரை வருஷம். தடுப்புப் போடுவதற்கு முன்னால். கேட்கக் கேட்கத்தான் வந்தது. சீன அங்கிள்களில் ஒருவர் இறந்துவிட்டார், அதற்கும் முன்னால். இன்னொருவர் நடக்க முடியாமல் வீட்டோடு. கடைசி ஆறு மாதம் அப்பா அந்த மேசையில் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் வாரம் இரண்டு தடவை போனேன். இறங்கி வரும்போது அவர் அங்கே இருப்பார், “வரேன்ப்பா” என்பேன், கையைத் தூக்குவார். பக்கத்து முக்காலிகள் காலியாக இருந்ததை நான் பார்த்தேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை.

மேசையை எடுத்ததற்கு அவருக்குக் கோபம் இருக்கிறது, அது நிஜம். ஆனால் நான் இவ்வளவு நாள் அந்தக் கோபத்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் போல.

பழைய_ஆர்சி
வெள்ளி, காலை 5.48

அம்மா, பாக்சிக் மக வீடு எங்க?

ஏழாம்மாடி
வெள்ளி, காலை 7.30

ஜூரோங் வெஸ்ட், ஐயா. நம்பர் அப்பாவிடம் இருக்கிறது. அவர் கூப்பிடவில்லை, இவரும் கூப்பிடவில்லை. நேற்று இரவு நானே போட்டுக் கொடுத்தேன். இருபது நிமிஷம் பேசினார்கள். பாதிக்கு மேல் யார் ஏமாற்றி விளையாடினார் என்ற வழக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். அவர்கள் புளோக் கீழே கல்மேசை இன்னும் இருக்கிறதாம். ஒரே பிரச்சினை, டாமுக்கு 24 மூடி வேண்டும். அப்பாவின் மைலோ டின்னில் எண்ணிப் பார்த்தால் 19தான் இருக்கிறது. இப்போது எல்லாம் டின்னில் வருகிறது, சோடா மூடிக்கு எங்கே போவது?

கோபி_ஓ_கோசோங்
வெள்ளி, காலை 8.02

எங்க கோபிக் கடையில் பாட்டில் பியர் திறக்கிறாங்க. ராத்திரி ஒரு டப்பா கொண்டு வர்றேன். கூட ஒரு தம்பியும் வருவார், தேக்கா தம்பி.

பழைய_ஆர்சி
வெள்ளி, காலை 8.15

பியர் மூடி இலேசா இருக்கும், காத்துக்கு நகரும். என்கிட்ட பழைய ஃபிரேசர் அண்ட் நீவ் சோடா மூடி இருக்கு, உள்ளே கார்க் வெச்சது. அஞ்சு தர்றேன். ஆனா திருப்பித் தரணும்.